ஹெடர் ஃபைல் இருப்பிடவியல்: தேர்வாய் கண்டிகை எடைமேடையில் ஒரு கள ஆய்வு

இந்த ஆய்வு இரவு ஷிப்டில் நிகழ்ந்தது. களம், கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் எடைமேடை அறை. ஆய்வாளர் ஒருவர். உடனிருந்தோர் கொசுக்கள். நிதிநல்கை ஏதும் பெறப்படவில்லை. ஆறு டீயும் ஒரு மசால்வடையும் ஆய்வாளரின் சொந்தக் கணக்கு.

பொருள் சிறியது. எடைமேடையில் லாரி ஏறினால் அதன் எடை கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும். எல்லோரும் அதை எக்செலில் பார்க்கிறார்கள். இந்த ஆய்வாளரால் எதையும் ஈமாக்ஸ் என்னும் எடிட்டரில்தான் பார்க்க முடியும். அது ஒரு நோய். 1976இல் மாசசூசெட்ஸில் தோன்றி உலகெங்கும் பரவியது. ஆகவே எடையும் அது பதிவான நேரமும் நேராக எடிட்டருக்குள் வந்து விழும்படி சி மொழியில் ஒரு சின்ன மாட்யூல் எழுதப்பட்டது. எழுதப் பிடித்தது ஒன்றரை மணி நேரம். அதைக் கம்பைல் செய்யத் தேவையான ஈமாக்ஸ்-மாட்யூல்.எச் என்ற ஹெடர் ஃபைலின் இருப்பிடத்தைத் தீர்மானிக்கப் பிடித்தது மூன்று இரவு. இந்த விகிதத்துக்கு விளக்கம் தேடுவதே கட்டுரையின் நோக்கம்.

பாயிரவியல்

ஹெடர் ஃபைல் என்பது வெளிநாட்டுச் சரக்கு என்று கருதுவோர் உளர். அது பொருந்தாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் பாயிரத்துக்கு விரிவாக விதி செய்திருக்கிறார். எத்தனை பெரிய நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் அதை நூலென்று ஏற்கமாட்டேன் என்பது அவர் கட்சி. ஜிசிசி கம்பைலரும் அதே கட்சி. இரண்டாயிரம் வரி எழுதிக் கொண்டுபோய் நீட்டினாலும் முதல் வரியில் கேட்ட பாயிரம் கையில் இல்லை என்றால் மேற்கொண்டு ஒரு வரியும் படிக்காது. 'கம்பைலேஷன் முடிந்தது' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். முடிந்தது என்றால் வெற்றியாக முடிந்தது என்று முதல் இரவில் மகிழ்ந்தவர் இக்கட்டுரையாளர்.

சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்தி இருக்க வேண்டும் என்கிறது நன்னூல். நூலைச் செய்தவர் யார் என்பது ஒன்று. ஈமாக்ஸ்-மாட்யூல்.எச்சின் தொடக்கத்திலேயே ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் பதிப்புரிமை வரி இருக்கிறது. எந்த வழியில் வந்தது என்பது இன்னொன்று. ஹெடருக்குள் 25ஆம் பதிப்பின் சூழல், அதன் மேல் 26, அதன் மேல் 27 என்று தலைமுறை தலைமுறையாக அடுக்கியிருக்கிறது. கொடிவழிப் பட்டியல் எழுதுகிறவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். எல்லை வேண்டும்; ஒரே ஹெடர் இரண்டு தடவை உள்ளே நுழையாதபடி இஃப்னாட்டெஃப் என்று வேலி போட்டிருக்கிறார்கள். கேட்போர் யார் என்று சொல்ல வேண்டும்; சி++காரர்களும் கேட்க வருவார்கள் என்று அவர்களுக்குத் தனியாக ஒரு வரி ஒதுக்கியிருக்கிறது. மிச்ச நான்கையும் பொருத்திக் காட்டலாம், ஆனால் பக்க வரம்பு இடம் தரவில்லை.

இதைவிட நுட்பமான ஒற்றுமை ஒன்று உண்டு. சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியரே எழுதக் கூடாது. அவருடைய ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணாக்கரோ, தகுதியான உரைகாரரோ எழுதித் தர வேண்டும். ஈமாக்ஸ் மூலத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எஸ்ஆர்சி ஃபோல்டரில் இந்த ஹெடரைத் தேடினால் கிடைக்காது. வால் பகுதியில் '.இன்' என்று ஒட்டிய ஓர் அச்சுத்தான் இருக்கும். கான்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட் ஓடி, தனித்தனித் துண்டுகளாகக் கிடக்கும் 25, 26, 27 முதலானவற்றைச் சேர்த்துக் கோத்த பிறகுதான் ஹெடர் பிறக்கிறது. ஆசிரியர் எழுதவில்லை, உடனிருந்தவர் எழுதினார். இது தெரியாமல் சோர்ஸை இறக்கி, கான்ஃபிகர் ஓட்டாமல், பிறக்காத பிள்ளையைத் தெருத்தெருவாகத் தேடியது ஆய்வின் முதல் இரவு. அதைப் பற்றி மேலும் எழுத மனமில்லை.

முச்சங்கக் கொள்கை

இந்த ஹெடரின் வரலாறு முச்சங்க வரலாற்றை ஒத்தது. முதற்சங்கம் ஈமாக்ஸ் 25.1, ஆண்டு 2016. மாட்யூல் ஏற்றும் வசதி அப்போதுதான் வந்தது. அதுவும் கேட்டுக் கட்டினால் மட்டும். ஹெடர் ஃபைல் சோர்ஸ் மூட்டைக்குள்ளேயே கிடந்தது. இன்ஸ்டால் செய்தபின் மூட்டையை அழித்தவர்களுக்கு அது கடல் கொண்ட நூல்தான்.

இடைச்சங்கம் 26.2, ஆண்டு 2019. ஈமாக்ஸை இன்ஸ்டால் செய்தால் ஹெடரும் ஊரறிய இன்க்ளூட் ஃபோல்டரில் வந்து உட்காரும் என்று இந்தச் சங்கத்தில்தான் முடிவாயிற்று. கடைச்சங்கம் 27.1, ஆண்டு 2020. கேட்காமலே மாட்யூல் வசதி உண்டு.

அதே 2020இல், நவம்பர் 21ஆம் தேதி, கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. 500 மில்லியன் கன அடி கொள்ளும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கத்துக்குப் பிறகு சென்னைக் குடிநீருக்கு ஐந்தாவது. இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். ஆனாலும் இந்தப் பக்கத்து ஆள் 'கண்டிகை ஏரி' என்பார், அந்தப் பக்கத்து ஆள் 'கண்ணன்கோட்டை ஏரி' என்பார். ஒரே ஃபோல்டருக்கு இரண்டு பெயர் வைக்கும் வழக்கம் லினக்ஸிலும் உண்டு. அங்கே அதற்கு சிம்லிங்க் என்று பெயர். அங்கேயும் தகராறு உண்டு.

கண்டிகைக் கொள்கை

ஆய்வின் மையக் கருதுகோள் எடைமேடை ஜன்னலுக்கு வெளியே கிடைத்தது.

இரண்டாம் இரவு பதினொரு மணிக்கு ஒரு நாமக்கல் லாரி வந்து நின்றது. மத்தியானமே வந்திருக்க வேண்டிய லோடு. டிரைவர் இறங்கி வந்தார்.

"ஏனுங்க சார், இந்த ஊருக்கு எத்தனை கண்டிகைங்க?"

காலையிலேயே அவர் 'கண்டிகை' சேர்ந்துவிட்டாராம், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் இருக்கும் கண்டிகைக்கு. செல்போன் காட்டிய முதல் கண்டிகை அதுதான். அங்கே யாரோ சிரித்துவிட்டு, 'நீங்க தேடுறது கும்மிடிப்பூண்டி சிப்காட்' என்று திருப்பிவிட்டிருக்கிறார்கள். அவரும் வடக்கே ஜிஎன்டி ரோட்டில் ஓட்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் நுழைந்து ஒவ்வொரு கேட்டாகக் கேட்டிருக்கிறார். அது பழைய சிப்காட். தேர்வாய் கண்டிகை சிப்காட் வேறு. கவரைப்பேட்டையில் மேற்கே திரும்பி சத்தியவேடு ரோட்டில் வர வேண்டும். கடைசியில் திருப்பத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்காதான் வழி சொன்னாராம். அவர் கேட்ட ஒரே கேள்வி: "நீ எந்தக் கண்டிகைக்குப் போவணும்? டயர் கம்பெனி கண்டிகையா?" மிச்செலின் தொழிற்சாலை இங்கே இருப்பதால் அக்காவின் கணக்கில் அதுவே அடையாளம்.

அவர் வண்டியை எடைமேடையில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கட்டுரையாளருக்கு உடம்பு சிலிர்த்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் கண்டிகை என்று முடியும் ஊர்கள் பல. லினக்ஸ் கம்ப்யூட்டரில் இன்க்ளூட் என்று முடியும் ஃபோல்டர்களும் பல. பெயரை வைத்து ஊரைத் தேடுகிறவர் முதலில் எதிர்ப்பட்ட ஊரில் இறங்கிவிடுகிறார். கம்பைலரும் அப்படியே.

இங்கே ஒரு மூடநம்பிக்கையைக் களைய வேண்டும். கம்பைலர் தேடுவதில்லை. தேடுவது என்றால் வீடு முழுக்கப் புரட்டிப் பார்ப்பது. கம்பைலர் செய்வது வேறு. அதன் மடியில் ஒரு சீட்டு இருக்கிறது. சீட்டில் நாலைந்து கதவுகளின் முகவரி வரிசையாக எழுதியிருக்கிறது. முதல் கதவைத் தட்டும், இல்லையென்றால் இரண்டாவது. எந்தக் கதவில் அந்தப் பெயருள்ள ஆள் எட்டிப் பார்க்கிறாரோ அவரையே கூட்டிக்கொண்டு போய்விடும். அப்பா பெயர் கேட்காது. சீட்டு முடிந்தால் 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று அறிவித்துவிடும். அந்த அறிவிப்பு ஃபைலைப் பற்றியது அன்று, சீட்டைப் பற்றியது. நாலு வீட்டில் விசாரித்துவிட்டு 'அப்படி ஒரு ஆளே பிறக்கவில்லை' என்று எழுதித் தரும் தபால்காரரை நாம் சும்மா விடுவோமா?

சீட்டைப் பார்க்க வழி உண்டு. ஜிசிசியிடம் மைனஸ் பெரிய இ, மைனஸ் சின்ன வி என்ற இரண்டு சுவிட்சையும் போட்டு வெற்று ஃபைல் ஒன்றைக் கொடுத்தால், 'தேடல் இங்கே தொடங்குகிறது' என்று ஆரம்பித்து ஒவ்வொரு கதவாகச் சொல்லி, 'பட்டியல் முடிந்தது' என்று ஒப்புதல் வாக்குமூலம் தந்துவிடும். எடைமேடை கம்ப்யூட்டரில் நான்கு கதவுகள் இருந்தன. முதலாவது ஜிசிசியின் சொந்த வீடு. இரண்டாவது யூஎஸ்ஆர் லோக்கல் இன்க்ளூட். மூன்றாவது, மெஷின் ரகத்தின் பெயர் தாங்கிய ஒரு துணை ஃபோல்டர். நான்காவதுதான் பெரிய கடைத்தெருவான யூஎஸ்ஆர் இன்க்ளூட்.

யூஎஸ்ஆர் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அது யூசர், அதாவது பயனர்களின் வீடுகள் இருந்த இடம். 1971 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் வளர்ந்து முதல் டிஸ்க் நிரம்பியபோது, சிஸ்டத்தின் தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். சாமான் பெருகியது, குடியிருந்தவர்கள் வேறு இடத்துக்குப் போனார்கள், பெயர் மட்டும் மிஞ்சியது. தேர்வாய் கண்டிகையில் சிப்காட் வருவதற்கு முன் இருந்தது மேய்ச்சல் நிலம். இங்கே ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடினார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

பரிசோதனைகள்

முதற்பரிசோதனை வீட்டு லேப்டாப்பில். ஈமாக்ஸை ஆய்வாளர் தாமே கட்டித் தம் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே இன்ஸ்டால் செய்திருந்தார். ஹெடரும் அதே குடும்பத்தில் இன்க்ளூட் அறையில் சுகமாக இருந்தது. ஆனால் கம்பைலரின் சீட்டில் அந்த வீடு இல்லை. 'ஃபைல் இல்லை.' மருந்து எளிது: மைனஸ் பெரிய ஐ போட்டு முகவரியைப் பக்கத்திலேயே ஒட்டி எழுதினால், அந்தக் கதவை முதலில் தட்டும். இது கண்டிகை என்று தேடி ஒன்றும் கிடைக்காத டிரைவரின் நிலை. வருத்தம் உண்டு, ஆபத்து இல்லை. போன் பண்ணுவார், வழி சொல்லலாம்.

முகவரி தெரியாதவர்கள் எடிட்டரையே கேட்கலாம். இன்வொகேஷன்-டைரக்டரி என்ற மாறியில், தான் எந்த ஃபோல்டரிலிருந்து கிளம்பினேன் என்பதை ஈமாக்ஸ் எழுதி வைத்திருக்கிறது. அங்கிருந்து ஒரு படி மேலே ஏறி, பக்கத்து அறையான இன்க்ளூடைப் பார்த்தால் பெரும்பாலும் ஆள் இருக்கும். பைத்தானுக்கு இந்தத் தொல்லையும் இல்லை. விம் எடிட்டருக்குப் பைத்தான் இணைப்போடு கம்பைல் செய்யும்போது 'பைத்தான்.எச் இல்லை' என்று வருமே, அதற்கு டெவ் என்று முடியும் பேக்கேஜைப் போட்டுவிட்டு பைத்தான்3-கான்ஃபிகைக் கேட்டால் வழியை வரி பிசகாமல் எழுதித் தரும். பொதுவாக லைப்ரரிகளுக்கு பிகேஜி-கான்ஃபிக் என்று ஒரு டீக்கடை அக்கா உண்டு. ஈமாக்ஸுக்கு அந்தக் கடையில் கணக்கு இல்லை.

இரண்டாம் பரிசோதனை எடைமேடை கம்ப்யூட்டரில். இங்கேதான் ஆய்வு சூடு பிடித்தது. ஹெடர் இல்லை என்று கம்பைலர் சொல்லவில்லை. கண்டுகொண்டது. கண்டுகொண்டபின், அதிகாலை இரண்டு மணிக்கு, இப்படி ஒரு எரர் தந்தது: 'ஈமாக்ஸ் என்வ்' என்ற கட்டமைப்பில் 'மேக் டைம்' என்ற உறுப்பு இல்லை.

நேரத்தை உண்டாக்கும் உறுப்பு தன்னிடம் இல்லை என்று ஒரு மெஷின் இரவு இரண்டு மணிக்குச் சொன்னால், முதலில் அதை அறிவுரையாக எடுத்துக்கொள்ளத்தான் தோன்றும். எடை பதிவான நேரத்தை, ஈமாக்ஸின் மொழியான லிஸ்பின் நேரமாக மாற்றும் அந்த உறுப்பு கடைச்சங்கத்தில், 27இல், சேர்ந்தது. கம்ப்யூட்டரில் ஓடுவதோ 29. அதன் ஹெடர் நான்காம் கதவான யூஎஸ்ஆர் இன்க்ளூடில் முறையாக இருக்கிறது. ஆய்வாளர் கண்ணால் பார்த்தார். பின்னே எதைப் படித்துவிட்டு இல்லை என்கிறது?

மைனஸ் பெரிய எச் போட்டால், எந்தெந்த ஹெடரை எங்கெங்கிருந்து எடுத்தது என்று கம்பைலர் சொல்லிவிடும். போட்டுப் பார்த்தபோது வெளிப்பட்டது இரண்டாம் கதவு. ஆய்வாளருக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் எப்போதோ இடைச்சங்கத்து ஈமாக்ஸ் 26ஐ யூஎஸ்ஆர் லோக்கலில் இன்ஸ்டால் செய்திருக்கிறார். பிறகு எடிட்டரை நீக்கியிருக்கிறார். ஹெடரை நீக்கவில்லை. ஆள் போய்விட்டார், எடிட்டர் போய்விட்டது, பாயிரம் மட்டும் இரண்டாம் வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களையெல்லாம் 'வாங்க, இதுதான் கண்டிகை' என்று அழைத்துக்கொண்டிருக்கிறது. இது வண்டலூர்க் கண்டிகையில் தார்ப்பாயை அவிழ்க்கத் தொடங்கிவிட்ட டிரைவரின் நிலை. கிடைக்காததைவிடத் தவறாகக் கிடைப்பது கொடிது என்ற முடிபு இங்கே பெறப்பட்டது.

மருந்து கையில்தான் இருக்கிறதே என்று மைனஸ் பெரிய ஐ போட்டு யூஎஸ்ஆர் இன்க்ளூட் என்று எழுதப்பட்டது. அதே எரர். மறுபடி. அதே எரர். மூன்றாம் முறை மைனஸ் வி சேர்த்துக் கேட்டதும் கம்பைலர் வாய் திறந்தது. அதன் பொழிப்பு: நீங்கள் சொல்லும் முகவரி ஏற்கெனவே என் சீட்டில் நான்காவதாக இருக்கிறது, ஆகவே உங்கள் பேச்சைக் கணக்கில் எடுக்கவில்லை, முறை வரும்போது தட்டுகிறேன். சிஸ்டம் ஃபோல்டரை நாம் வழி சொல்லி முன்னுக்குக் கொண்டுவர முடியாது. தெரியாத இடத்துக்கு வழி சொன்னால் கேட்டுக்கொள்ளும். தெரிந்த இடத்தை முதலில் போய்ப் பார் என்றால் கேட்காது. கேட்காததை மைனஸ் வி போட்டாலொழிய வெளியே சொல்லவும் சொல்லாது. அரசு அலுவலகங்களுக்கு மனு எழுதிப் பழகிய தமிழருக்கு இந்த நடைமுறை புதிதன்று.

கட்டுச்சோற்றுத் தீர்வு

இன்க்ளூட் வரியில் ஹெடரின் பெயரை எழுத இரண்டு அடைப்பு உண்டு. கோண அடைப்புக்குள் எழுதினால் கம்பைலர் வெளி வாசல்களை மட்டும் தட்டும். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், நாம் எழுதிய ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே முதலில் பார்க்கும். அங்கே இல்லாவிட்டால்தான் வெளியே போகும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவோர், அலையாதோர் என்று இரு சாராரையும் பிரிக்கலாம்.

ஈமாக்ஸுக்குள் டெர்மினல் திறக்கும் வீடெர்ம் என்ற மாட்யூலைப் பிரித்துப் பாருங்கள். மூட்டைக்குள்ளேயே ஈமாக்ஸ்-மாட்யூல்.எச்சின் ஒரு பிரதி இருக்கும். பயணத்துக்குக் கட்டுச்சோறு. வழியில் ஓட்டல் இருக்குமோ இருக்காதோ என்ற கவலையே வேண்டாம். 'பிரதி எடுத்து வைப்பது அசிங்கம், பழசாகிவிடும்' என்போர் உண்டு. அவர்கள் ஓர் உண்மையை மறந்து பேசுகிறார்கள். இந்தக் கட்டுச்சோறு கெடாது. புதிய பதிப்புகள் பழைய உறுப்புகளின் வரிசையைக் குலைப்பதில்லை, கடைசியில்தான் சேர்க்கின்றன. பழைய ஹெடரோடு கட்டிய மாட்யூல் புதிய ஈமாக்ஸில் ஓடும். புதிய பதார்த்தம் கிடைக்காது, அவ்வளவுதான். புதிய ஹெடரோடு கட்டிய மாட்யூலைப் பழைய ஈமாக்ஸில் ஏற்றுவதுதான் ஆபத்து. அதற்காகவே ஈமாக்ஸ் என்வ் கட்டமைப்பின் முதல் உறுப்பாக 'சைஸ்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். மாட்யூல் ஏறியதும் அதன் அளவைப் பார்த்து, எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் கௌரவமாக இறங்கிவிட வேண்டும். அதாவது வாசலிலேயே ஓர் எடைமேடை. பல மாட்யூல்காரர்கள் எடை போடாமலே வண்டியை உள்ளே விடுகிறார்கள் என்பதை ஒரு எடைமேடைக்காரனாக வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

மூன்றாம் இரவு மூன்று மணிக்கு, நான்காம் கதவிலிருந்த ஹெடரைத் தன் ஃபோல்டருக்கு ஒரு பிரதி எடுத்து, கோண அடைப்பை இரட்டை மேற்கோளாக மாற்றினார் ஆய்வாளர். இரண்டு எழுத்துத் திருத்தம். கம்பைல் ஆனது. ஏற்றும்போது ஈமாக்ஸ் மறுத்தது. ஜிபிஎல் உரிமத்துக்கு உடன்படுகிறேன் என்ற சத்தியப்பிரமாண வரி விட்டுப்போயிருந்தது. அந்த ஒரு வரி இல்லாத மாட்யூலை அது வாசற்படி ஏற்றாது. அதையும் சேர்த்து மறுபடி கட்டியதும், அப்போது எடைமேடையில் நின்ற லாரியின் எடையும் நேரமும் எடிட்டரில் வந்து விழுந்தன. அந்த லாரியின் டிரைவரிடம் காட்டினேன். "இது எக்செல்ல வராதுங்களா?" என்றார்.

எஞ்சிய பணி ஒன்று உண்டு. பழைய ஹெடர் இன்னும் இரண்டாம் கதவிலேயே நிற்கிறது. அதை அழிக்க ரூட் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு, வேலையை விட்டுப் போனவரிடம் இருக்கிறது. ஹெச்ஆரில் விசாரித்ததில், அவர் இப்போது கண்டிகையில் வீடு எடுத்திருக்கிறார் என்றார்கள். எந்தக் கண்டிகை என்று அவர்கள் குறித்து வைக்கவில்லை.